மிலார் யாருடையது

சவுக்குத் தோப்புப் போராட்டம் வெற்றி பெற்ற போராட்டம் என்று எங்கள் பக்கத்தில் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நானும் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்டுவார்கள். மேடையை விட்டு இறங்கியதும், எதை ஜெயித்தோம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இருக்கும். யாரும் கேட்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். இதற்கு நியாயம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லட்டும்.

எமர்ஜென்சிக்கு முந்தின காலம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் முழுக்க அப்போது சவுக்கு. எங்கள் சேரி கால்வாய்க் கரையில் இருந்தது. தோப்பு மறைத்துக்கொண்டிருந்ததால் கடல் சத்தம்தான் கேட்கும், கடல் தெரியாது. மரம் வெட்டுகிற பருவத்தில் ஆண்கள் கோடாலியோடு போவார்கள், பெண்கள் பின்னால் போவோம். வெட்டிய விறகு லாரியில் செங்கல்பட்டு மண்டிக்கும், கால்வாயில் படகேறி மெட்ராசுக்கும் போகும். தோப்பை வெட்ட எடுத்த காண்ட்ராக்டர் செங்கல்பட்டில் விறகு மண்டி வைத்திருந்தவர். ஆண்களுக்குத்தான் கூலி. பெண்களுக்குக் கூலி கிடையாது. எங்களுக்கு மிலார்.

சவுக்கின் மெல்லிய கிளைக்கு மிலார் என்று பெயர். மரம் விழுந்ததும் நாங்கள் ஓடிப்போய் மிலாரை ஒடிப்போம், கத்தியால் கழிப்போம், இழுத்து ஓரமாகப் போடுவோம். பொழுது சாயும்போது கட்டிச் சுமந்து வருவோம். எது மிலார், எது விறகு என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் பிடித்தால், அந்த வளையத்துக்குள் அடங்குவது பெண்களுடையது. அடங்காதது காண்ட்ராக்டருடையது. இதை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாத் தோப்பிலும் இதுதான்.

என் நாத்தனாருக்குப் பெரிய கை. தகராறு வந்தால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து வளையம் பிடித்தால் ஆண்களின் கணுக்கால் பருமன் இருக்கிற கிளையும் உள்ளே போய்விடும்.

காண்ட்ராக்டரின் மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார். "அது கையா, மொறமா? வேற ஆரும் இல்லியா பிடிச்சிப் பாக்க?"

"நீ வேணா புடி மேஸ்திரி. ஒன் கைக்கு வெரலு கூட சேராது. பீடி புடிச்சே பாதி தேஞ்சி போச்சி."

எல்லோரும் சிரிப்பார்கள். மேஸ்திரியும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நடுவில் ஒன்றிரண்டு தடிமனான கிளைகளும் எங்கள் கட்டில் சேர்ந்துவிடும். ஆண்களும் நுனியை வெட்டும்போது கோடாலியைக் கொஞ்சம் இறக்கிப் போட்டு, மிலாரோடு கட்டையும் கொஞ்சம் வரும்படி வெட்டுவார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். அவள் புருஷன் மெட்ராஸ் துறைமுகத்து வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். இவள் கால்வாய்க் கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லி விற்றாள். படகுக்காரர்கள், லாரிக்காரர்கள், மரம் வெட்டப் போகிறவர்கள் எல்லோருக்கும் அங்கேதான் நாஸ்தா. அந்தக் கடை மிலாரில் நடந்தது. அவள் ஒரு நாளும் விறகை விலைக்கு வாங்கியதில்லை. "வெறகு வாங்கி இட்லி வித்தா, இட்லிய நானே துன்னுட்டுச் சாவ வேண்டியதுதான்" என்பாள்.

சங்கம் வந்தது இந்த நேரத்தில். செங்கல்பட்டிலிருந்து ஒரு தோழர் வருவார். ரயில்வேயில் வேலை பார்த்து, வேலைநிறுத்தத்தில் வேலை போனவர். பஸ்ஸில் இறங்கி மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவார். எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த முதல் வெளியாள் அவர். அதனாலேயே பாதிப் பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள். நான் எட்டாவது வரை படித்திருந்தேன். பேப்பர் வாசிப்பேன். கோபமும் அதிகம். "இந்தக் கோவத்த வீட்ல வெச்சி வீணாக்காதம்மா" என்று சொல்லி என்னைப் பெண்கள் பக்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்.

ஆண்கள் கூலி உயர்வு கேட்டார்கள். தோழர் அதோடு இன்னொன்றும் பேசினார். கூட்டத்தில் நின்று சொன்னார். "உங்க பொம்பளைங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தோப்புல கெடக்கறாங்க. கையில என்ன வருது? சுள்ளி. இது கூலியா? இது இனாம். இனாம் வாங்கறவன் தலை நிமிர முடியாது."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. பொய் சொல்லவில்லை. என் அப்பா நெல் அறுப்புக்குப் போன இடத்தில், களத்து ஓரத்தில் துண்டை நீட்டிக்கொண்டு நிற்பார். பதரும் மண்ணும் கலந்ததைக் கூட்டி அதில் போடுவார்கள். அதற்குக் கும்பிடு போடுவார். அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கோபமே வந்தது. இனாம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பேன். ஆகவே நான் முதலில் கை தட்டினேன். நாத்தனார் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாளைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

கோடாலி நின்றது. மண்டியில் விறகு குறைந்ததும் காண்ட்ராக்டர் பேசக் கூப்பிட்டார். தோழரும் என் வீட்டுக்காரரும் நானும் போனோம். விறகு அடுக்குகளுக்கு நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் பெஞ்சு போட்டிருந்தார். சேரி ஆட்களுக்குப் பெஞ்சு போட்டதிலேயே நான் பாதி ஜெயித்தமாதிரி உட்கார்ந்தேன். கூலிக்கு அவர் கொஞ்சம் இழுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாம் சரி சார். கூலிய ஏத்திட்டேன். இந்த மிலாரு இனாம் மட்டும் இனிமே வேணாம். மண்டியில அதுக்கும் இப்ப வெலை கீது. ஓட்டல்காரங்க கேக்கறாங்க."

தோழர் மேஜையைத் தட்டினார். "இனாம் வேணாம்னு நாங்களே சொல்லத்தான் வந்தோம். எழுதுங்க."

காண்ட்ராக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சீக்கிரமாக எழுதினார். நாங்களும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து டீ குடித்தோம். திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏமே, அப்போ அக்கா அடுப்புக்கு இன்னா பண்றது?"

"கூலிதான் ஏறுதில்ல? வாங்கறது."

"அக்காவுக்கு ஏது கூலி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. விளங்காததற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

ஊர் முனையில் கொடி ஏற்றினோம். மறுவாரம் தோப்பில் கோடாலிச் சத்தம் கேட்டதும் பெண்கள் கத்தி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தோப்பு வாசலில் வாட்ச்மேன் குச்சியைக் குறுக்கே நீட்டினான். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நின்றார்.

"உள்ள வரக்கூடாதாம்" என்றான் வாட்ச்மேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள் நாத்தனார்.

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே, இனாம் வேணாம்னு. ஒன் தம்பி பொண்டாட்டியைக் கேளு. அவதான் கையெழுத்துப் போட்டவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார் வாயைத் திறந்து திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

நான் செங்கல்பட்டுக்கு ஓடினேன். தோழர் வீட்டில் அவர் சம்சாரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். தோழர் பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப ஒரு கஷ்டம் இருக்கும்தான். ஆனா பழையபடி பொறுக்கறதுக்குப் போனா, வாங்கின உரிமையும் போயிடும். உங்க ஊர்ப் பொம்பளைங்க செய்யறது வேலை. வேலைக்குக் கூலி கேளுங்க. அதுதான் அடுத்தது."

அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது முழுக்க நியாயம். பஸ்ஸில் ஏறியதும் பாதிதான் நியாயமாக இருந்தது. மணலில் இறங்கி நாத்தனார் கொட்டகையைப் பார்த்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. தென்னை மட்டை, தேங்காய் நார், கொட்டகையின் பழைய கீற்று என்று கிடைத்ததையெல்லாம் அடுப்பில் திணித்துக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்து கிடந்தது. லாரி ஓட்டிவரும் பாய் ஒருவர் அங்கே சாப்பிடுவார். அன்றைக்கு இட்லியை விண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னா அக்கா, இன்னிக்கு இட்லி அடுப்புல வெந்துச்சா, இல்ல கடல் காத்துல காஞ்சிச்சா?"

"துன்னு பாய். ஒங்க மொதலாளி குடுத்த வெறகுல இவ்ளதான் வேவும்."

"எனக்கே லோடு இல்ல. ஏன் என்னிய திட்டற? போயி தோப்பப் பாரு."

போய்ப் பார்த்தேன். அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்று தெரிந்தது. ஆண்கள் கூலி வாங்குவது மரம் வெட்ட. மிலார் கழிப்பதும் இழுத்துப் போடுவதும் அவர்கள் வேலை அல்ல. அவர்கள் பாட்டன் காலத்திலும் செய்ததில்லை. ஆகவே செய்யவில்லை. விழுந்த மரம் விழுந்தபடியே கிளையும் இலையுமாகக் கிடந்தது. அதன்மேல் அடுத்த மரம். தோப்பு முழுக்க முள்வேலி போட்டமாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தது. லாரி உள்ளே நுழைய இடமில்லை. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. மேடையில் இதை எங்கள் தந்திரம் என்று சொல்வார்கள். தந்திரமாவது மண்ணாவது. யாருக்கும் எதுவும் தோன்றாததால் நடந்தது அது.

காண்ட்ராக்டர் சொல்லி அனுப்பினார். பெண்கள் பழையபடி வரலாம், மிலார் எடுத்துக்கொள்ளலாம், அவர் கண்டுகொள்ள மாட்டாராம்.

தோழர் அன்றைக்கே வந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. "பாத்தீங்களா? நீங்க பொறுக்கல, வேலை செஞ்சிருக்கீங்க. அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இப்பக் கூலி கேக்கணும். கூலின்னு எழுதற வரைக்கும் ஒருத்தியும் உள்ள போகக்கூடாது." கை தூக்கச் சொன்னார். பெண்கள் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நாத்தனார் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். கடைசியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"தோழர், எனக்குக் கூலி வோணாம். மிலாரு வோணும்."

"கூலி வந்தா விறகு வாங்கிக்கலாம்மா."

"எவ்ளோ வெறகு வாங்கறது? ஒனக்கு வூட்டுக்கு ஒரு அடுப்பு. எனக்கு நாள் முச்சூடும் எரியணும். கூலிய அடுப்புலதான் போடணும்."

"உங்க ஒருத்திக்காகப் பேச முடியாதில்ல? எல்லாருக்கும் சேத்துத்தான் பேசணும்."

"அப்ப ரெண்டும் கேளு. மிலாரும் குடு, கூலியும் குடுன்னு."

பெண்கள் சிலர் சிரித்தார்கள். தோழர் சிரிக்கவில்லை. "ரெண்டும் கேட்டா நம்ம நியாயம் போயிடும்மா. இனாமும் வேணும், உரிமையும் வேணும்னா எப்படி?" என்றார். எனக்கு அந்த இடத்தில் எழுந்து, ஏன் இரண்டும் கேட்கக்கூடாது என்று கேட்கத் தோன்றியது. அப்பா நீட்டிய துண்டும் அதே நேரத்தில் கண்ணில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த இரண்டில் எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தமாதிரி பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

மறுநாளிலிருந்து தோப்பு வாசலில் கொடியோடு உட்கார்ந்தோம். காவல் என்னுடைய பொறுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைந்தது. ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தி நடவுக்குப் போய்விட்டாள். நாத்தனார் கடை இரண்டு வேளை என்பது ஒரு வேளையானது. பிறகு அடுப்பில் பால் மட்டும் வைத்து டீ ஆற்றினாள். படகுக்காரர்கள் தூரத்தில் இருக்கிற வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். ஒரு முறை போன வாடிக்கை திரும்பாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் சங்கத்துக்கும் எதிராகப் பேச மாட்டார், அக்காவுக்கும் எதிராகப் பேச மாட்டார். என்னோடு பேசாமல் இருந்ததுதான் அவர் காட்டிய எதிர்ப்பு, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் வாசலில் நான் ஒருத்திதான் இருந்தேன். வாட்ச்மேன் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். நாத்தனார் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு வந்தாள். கையில் கயிறு.

"நவுருடி."

"அக்கா, கை தூக்கியாச்சி. ஆரும் போவக்கூடாது."

"நான் தூக்கல. பாத்தியா நான் தூக்கினத?"

அது உண்மை. அவள் தூக்கவில்லை.

"போனா கருங்காலின்னு சொல்லுவாங்க அக்கா."

"நீ சொல்லுவியா?"

நான் கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியை மறித்தேனா, ஒதுங்கினேனா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. வாசல் அகலமான வாசல். அவள் என் பக்கவாட்டில் போனாள். அவள் தோள் என் தோளில் இடித்தது. உள்ளே அவள் கத்திச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் மரம் விழுந்துவிட்டதால் அதுவரைக்கும் தெரியாத கடல் நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது. காற்று மணலை அள்ளி முகத்தில் போட்டது. போய்த் தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். போய்க் கூட ஒடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன்.

வெகுநேரம் கழித்துக் கட்டை இழுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். பெரிய கட்டு. அந்தக் கையின் வளையத்துக்குள்ளும் அடங்காத கிளைகள் அதில் இருந்தன. வேண்டுமென்றே எடுத்திருக்கிறாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். குனிந்தாள்.

"தூக்கி வுடு."

மிலார்க் கட்டை யாரும் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். எவ்வளவு சண்டை போட்டவளாக இருந்தாலும், கட்டோடு நிற்கிறவளுக்குத் தூக்கிவிடாமல் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. என் கையில் கொடி இருந்தது. மணலில் ஊன்றினேன், நிற்கவில்லை, சாய்ந்தது. மறுபடி ஊன்றினேன். மறுபடியும் சாய்ந்தது.

"இடுப்பு நோவுதுடி, எவ்ளோ நேரம் குனிஞ்சிகினே கீறது?"

கொடியைப் படுக்கப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கட்டைத் தூக்கிவிட்டேன். நிமிர்ந்தாள். கழுத்தை ஒரு முறை அசைத்துப் பார்த்துக்கொண்டு கால்வாய்ப் பக்கமாக நடந்தாள். வாட்ச்மேன் வாயில் பல்லுக்குச்சியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொடியை எடுத்து மணலைத் தட்டினேன்.

மறுநாள் ஏழெட்டுப் பெண்கள் உள்ளே போனார்கள். கட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் நான் தூக்கிவிட்டேன். அதற்கடுத்த வாரம், மேஸ்திரி வழியாகக் காண்ட்ராக்டர் சொல்லி அனுப்பினார். மிலார் கழிக்கிற பெண்களுக்கு இனிமேல் கூலி உண்டாம், மிலாரும் எடுத்துக்கொள்ளலாமாம். நாங்கள் உள்ளே போகாமல் இருந்தபோது கொடுக்காதவர், போன பிறகு ஏன் கொடுத்தார்? மழைக்கு முன்னால் தோப்பைக் காலி பண்ண வேண்டியிருந்தது என்றார் பாய். மறுபடி நிறுத்திவிடுவோம் என்று பயந்தார் என்றார் வீட்டுக்காரர். சங்கத்தின் உறுதி என்றது மேடை. எனக்குத் தெரியாது.

சேதி வந்த அன்று காலை தோழர் நாத்தனார் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவருக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். அடுப்பில் மிலார் படபடவென்று எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் இலை போட்டு இட்லி வைத்தாள்.

"துன்னு தோழர். ஆறிடும்."

சாப்பிட்டார். என் பக்கம் திரும்பினார். "காவலுக்கு நின்னவ நீ. முடிவுன்னா முடிவு. இது தப்பு" என்றார்.

"கூலியும் வந்துச்சே தோழர்" என்றேன்.

"வந்தாலும் தப்பு."

அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. நாத்தனார் இன்னும் இரண்டு இட்லியை அவர் இலையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இலையை நகர்த்திச் சட்னி கேட்டார். நான் எழுந்து போய் அடுப்பில் இன்னொரு கை மிலாரைப் போட்டேன்.